மூன்று மருந்து சேர்ந்தால் ஃப்ளூ சீக்கிரம் போகுமா?

காய்ச்சலுக்கு ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால் நம் ஊரில் பலருக்கும் மனசு ஆறாது. நாலு வகை மாத்திரையும் ஒரு டானிக்கும் இருந்தால்தான் டாக்டர் நன்றாகக் கவனித்தார் என்ற நிம்மதி வரும். ஆராய்ச்சிக் கூடங்களிலும் இந்த எண்ணம் வேறு வடிவத்தில், நல்ல காரணங்களோடு இருந்தது. ஃப்ளூ வைரஸை ஒரு மருந்து ஒரு பக்கத்திலிருந்து மடக்குகிறது, இன்னும் இரண்டு மருந்துகள் வேறு பக்கங்களிலிருந்து மடக்கினால் நோயாளி இன்னும் வேகமாக எழுந்துவிடுவார் அல்லவா? இதைத் தெரிந்துகொள்ள 2011 மார்ச் முதல் 2016 ஏப்ரல் வரை ஒரு பரிசோதனை நடந்தது. அமெரிக்கா, தாய்லாந்து, மெக்சிகோ, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகிய 5 நாடுகளில் 50 இடங்கள். முடிவுகள் 2017இல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்தன. முதல் ஆசிரியர் ஜான் பைகெல். பிறகு கொரோனா காலத்தில் ரெம்டெசிவிர் பரிசோதனையை நடத்தியவரும் இவர்தான்.

மருந்துப் பரிசோதனைகளிலிருந்து வரும் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்தப் பரிசோதனைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் கட்டுரை இது. அதற்குக் காரணம் அம்மா. வயது 70ஐத் தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு, மழைக்காலம் வந்தால் வீசிங்கும் சேர்ந்துகொள்ளும். பரிசோதனையில் சேரத் தகுதி என்று போட்டிருந்தது என்ன? 65 வயதுக்கு மேற்பட்டவர், அல்லது ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, எதிர்ப்பு சக்திக் குறைவு, மிக அதிகமான உடல் பருமன் போன்றவற்றில் ஏதாவது ஒன்று உள்ளவர். ஃப்ளூ வந்தால் ஆஸ்பத்திரி வரை போகக்கூடிய ஆட்கள். அம்மா மாதிரியானவர்கள்.

முதலில் அந்த மூன்று மருந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமன்டடின், ஓசெல்டாமிவிர், ரிபாவிரின்.

அமன்டடின்தான் மூத்தது. 1966இல் அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்புக்கு அனுமதி பெற்றது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்த பிறகு தன் உறையைக் கழற்ற ஒரு சின்னக் கால்வாய் வேண்டும். எம்2 என்று அதற்குப் பெயர். அமன்டடின் அதை அடைத்துவிடும். இந்த மருந்துக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. பார்கின்சன் நோய் இருந்த ஒரு பெண்மணி ஃப்ளூவுக்காக இதைச் சாப்பிட்டபோது கை நடுக்கமும் உடல் விறைப்பும் குறைந்ததாகச் சொன்னார். அமெரிக்க நரம்பியல் டாக்டர் ராபர்ட் ஷ்வாப் அதைக் காதில் போட்டுக்கொண்டு மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1969இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் அமன்டடின் பார்கின்சன் மருந்தாகத்தான் அதிகம் புழங்குகிறது. ஏனென்றால் ஃப்ளூ வைரஸ் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. எம்2 புரதத்தின் 31ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும், மருந்து வேலை செய்யாது. 2005-06 பருவத்தில் அமெரிக்காவில் சோதித்த எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸ்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அந்த மாற்றத்தோடு இருந்தன. 2006 ஜனவரியில், ஃப்ளூவுக்கு இனி இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

ஓசெல்டாமிவிர் நம் எல்லோருக்கும் டாமிஃப்ளூ என்ற பெயரில் பழக்கம். 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் செய்திகளில் தினமும் அடிபட்ட பெயர். 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம்தான் இதன் மூலப்பொருளாக நெடுநாள் இருந்தது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் செல்லை விட்டுக் கிளம்ப நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும். ஓசெல்டாமிவிர் அந்த நொதியை முடக்குகிறது. இதற்கும் வைரஸ் பதில் வைத்திருந்தது. 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் உலகின் பெரும்பகுதியில் அப்போதிருந்த பருவகால எச்1என்1 வைரஸ் ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்படாததாக மாறியது. 2009இல் பன்றிக்காய்ச்சலாக வந்த புதிய எச்1என்1 அந்தப் பழைய வைரஸை ஓரங்கட்டியது. புதியது ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்பட்டது, அமன்டடினுக்குக் கட்டுப்படவில்லை. ஒருவேளை இரண்டுக்குமே கட்டுப்படாத வைரஸ் வந்தால் என்ன செய்வது என்ற பயம் அப்போது உண்மையாகவே இருந்தது.

மூன்றாவது ரிபாவிரின். 1970களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு நிறையக் கொடுத்திருக்கிறார்கள். வைரஸ் தன் மரபுப் பொருளை நகலெடுக்கும் வேலையைக் கெடுக்கும். கூடவே சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையையும் உண்டாக்கக்கூடும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. அதனால் கர்ப்பிணிகளை இந்தப் பரிசோதனையில் சேர்க்க முடியவில்லை. ஃப்ளூவால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்களில் கர்ப்பிணிகள் முக்கியமானவர்கள் என்பதை நினைத்தால், மூன்று மருந்துக் கூட்டணிக்குத் தொடக்கத்திலேயே இருந்த பெரிய குறை இது.

சேர்த்துக் கொடுக்கலாம் என்ற யோசனை சும்மா வரவில்லை. எச்ஐவியில் 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் எத்தனை உயிர்களைக் காப்பாற்றின என்பது உலகறிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே காசநோயில் இது நிரூபணமாகிவிட்டது. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அந்த மையம்தான் அடுத்ததாக ஐசோனியசிட் மருந்தைத் தனியாகக் கொடுப்பதையும் பாஸ் என்ற இன்னொரு காசநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டது. 1960இல் முடிவுகள் வந்தன. சேர்த்துக் கொடுத்ததுதான் மேல். காசநோய்க் கிருமி மாதக்கணக்கில் உடம்பில் தங்குவது. ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகி எழ அதற்கு வேண்டிய அவகாசம் உண்டு. அங்கே இரண்டாவது மருந்து காவலுக்கு நிற்கிறது.

ஃப்ளூ அப்படியில்லை. ஒரு வாரத்தில் வந்து போவது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவுகள் நிஜமாகவே அருமையாக இருந்தன. ஃப்ளூ வைரஸை வளர்க்க வழக்கமாகப் பயன்படுத்துவது நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்கள். அந்தச் செல்களில் மூன்று மருந்துகளையும் சேர்த்துப் போட்டபோது, தனித்தனியாகச் செய்வதைக் கூட்டினால் வரும் பலனைவிட அதிகப் பலன் கிடைத்தது. இதில் ஆச்சரியம், அமன்டடினுக்குக் கட்டுப்படாத வைரஸிலும் அமன்டடின் இந்தக் கூட்டில் தன் பங்கைச் செய்தது. 2010இல் வந்த இந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. தென் கொரியாவில், 2009 எச்1என்1 வந்து வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மருந்தும் பெற்ற 24 பேரில் 17 சதவீதம் பேர் 14 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஓசெல்டாமிவிர் மட்டும் பெற்ற 103 பேரில் 35 சதவீதம். பெரிய வித்தியாசம் போலத் தெரிகிறது. ஆனால் 24 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. கணக்குப்படி இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். யாருக்கு எதைக் கொடுப்பது என்று குலுக்கல் போட்டு முடிவு செய்ததும் அல்ல.

அதே சமயம் எச்சரிக்கை மணியும் அடித்திருந்தது. பிரான்சில் 2008-09 குளிர்காலத்தில் ஓசெல்டாமிவிரையும், மூச்சில் இழுக்கும் சனாமிவிரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 541 பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் முடிவில் வைரஸ் போதிய அளவு அடங்கியிருந்தவர்கள், ஓசெல்டாமிவிர் மட்டும் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம். இரண்டையும் எடுத்தவர்களில் 46 சதவீதம்! இரண்டு மருந்தும் ஒரே நொதியைத்தான் குறிவைக்கின்றன. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டாவது பூட்டு முதல் பூட்டையே தளர்த்திவிட்டது. நோயாளிகளுக்கும் உடம்பு தேற ஒரு நாள் கூடுதலாகத்தான் ஆனது. அதனால் அடுத்த பரிசோதனையில் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் மருந்துகளைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

இப்போது அந்தப் பரிசோதனைக்கு வருவோம். காய்ச்சல் தொடங்கி 96 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு ஓசெல்டாமிவிர் 75 மில்லிகிராம், அமன்டடின் 100, ரிபாவிரின் 600 என்று தினம் இரண்டு வேளை, 5 நாள். இன்னொரு பாதிக்கு ஓசெல்டாமிவிரோடு வெற்று மாத்திரைகள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் மூக்கு வழியாகக் குச்சியை உள்ளே விட்டு, தொண்டைக்குப் பின்னால் வரை போய் மாதிரி எடுத்து, பிசிஆர் செய்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் குச்சியை அறியாதவர் இல்லை. அப்போது வைரஸ் இன்னும் தெரிகிறதா இல்லையா என்பதுதான் முதன்மைக் கேள்வி. இருமல், உடம்பு வலி, சோர்வு எப்போது போயிற்று என்பதெல்லாம் அடுத்த வரிசை.

இந்த இடத்தில் என் தொழில்கண் விழித்துக்கொள்கிறது. மொத்தம் 633 பேரைச் சேர்த்தார்கள். அதில் 7 பேர் வெவ்வேறு காரணங்களால் விடுபட்டார்கள். 47 பேர் முன்னோட்டக் கட்டத்தில் சேர்ந்தவர்கள், அவர்கள் கணக்கில் இல்லை. 172 பேருக்கு ஃப்ளூ என்று உறுதியாகவில்லை. 13 பேருக்கு மூன்றாம் நாள் மாதிரி கிடைக்கவில்லை. மிஞ்சியது 394. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் கழித்தல் கணக்கு. ஆனால் ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எண்ணிக்கை, மூன்றாம் நாள் காய்ச்சலோடு மறுபடியும் மருத்துவமனைக்கு வந்த ஒரு வயதானவர் இருக்கிறார். மூன்றாம் நாள் வராத ஒருவருக்கு அன்று படுக்கையை விட்டு எழ முடியவில்லையோ, கூட்டிவர ஆள் இல்லையோ. என் வேலையில் இப்படி ஒரு காலிக் கட்டம் வந்தால் ஏன் என்று கேட்டு எழுதுவேன். பதில் பெரும்பாலும் ஒரே வரிதான் வரும்: நோயாளி வரவில்லை.

ஐந்து வருஷம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. ஃப்ளூ நம் வசதிக்கு வருவதில்லை. வடக்கே குளிர்காலம் முடிந்தால் நோயாளிகள் வருவது நின்றுவிடும். அப்போது அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலம் தொடங்கும். பூமியின் இரண்டு பாதிகளிலும் இடம் பிடித்து வைத்திருந்தும், உறுதியான 394 பேரைப் பெற இத்தனை வருஷம்.

சரி, முடிவு என்ன? மூன்றாம் நாள் வைரஸ் தெரிந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 200 பேரில் 80 பேர், அதாவது 40 சதவீதம். ஓசெல்டாமிவிர் மட்டும் பெற்ற பிரிவில் 194 பேரில் 97 பேர், 50 சதவீதம். பத்து சதவீதப் புள்ளி வித்தியாசம். ஆனால் அதன் உண்மையான அளவு 0.2இலிருந்து 19.8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது கணக்கு. ஒரு முனை கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டு நிற்கிறது. பி மதிப்பு, அதாவது மருந்துகளுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்பு, 0.046. வழக்கமாக வைக்கும் எல்லை 0.05. நூலிழையில் தேர்ச்சி. கூட்டு மருந்துப் பிரிவில் இன்னும் ஓரிருவரின் பிசிஆரில் வைரஸ் தெரிந்திருந்தாலே இந்தத் தேர்ச்சி இல்லை.

நோயாளிகள் எப்படி இருந்தார்கள்? அறிகுறிகள் நீடித்த நாள்களின் இடைநிலை அளவு, கூட்டு மருந்துப் பிரிவில் 4.5 நாள், தனி மருந்துப் பிரிவில் 4.0 நாள். இந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி பொருட்படுத்தக் கூடியதல்ல. ஆனால் கூட்டு மருந்து ஒருவரைக்கூட சீக்கிரம் எழுப்பியது என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. மற்ற உடல்நல அளவுகோல்களிலும் லாபம் இல்லை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வாந்தி பற்றிய பதிவுகள் கூட்டுப் பிரிவில் அதிகம். மொத்தப் பரிசோதனையிலும் ஒரே ஒரு மரணம். தனி மருந்துப் பிரிவில் இருந்த ஒரு முதியவர், சேர்ந்த 13ஆம் நாள் இதயம் செயலிழந்து இறந்தார். மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள்.

போன வடகிழக்குப் பருவமழையில் அம்மாவுக்கு இன்ஃப்ளூயன்சா ஏ என்று பரிசோதனையில் வந்தது. டாக்டர் ஓசெல்டாமிவிர் மட்டும் எழுதினார், வீசிங்குக்கு ஏற்கெனவே இருந்த இன்ஹேலரைத் தொடரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒண்ணுதானா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு அஞ்சு வகை கொடுத்தாங்களே" என்றார். "இது போதும்மா" என்றேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் கட்டிலிலிருந்து எழுந்து சமையலறை வரை போய் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அன்று அம்மாவின் மூக்கில் வைரஸ் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தச் சமையலறைத் தூரம் குறைந்திருக்காது.

அதனால்தான் முதன்மைக் கேள்வியாக மூன்றாம் நாள் வைரஸை வைத்ததில் எனக்கு மனத்தாங்கல். ஏன் வைத்தார்கள் என்பது புரிகிறது. இது இரண்டாம் கட்டப் பரிசோதனை. வைரஸ் குறைகிறதா என்று முதலில் பார்ப்பதுதான் முறை. சோர்வைவிட வைரஸை அளப்பது எளிது, ஆள்களும் குறைவாகப் போதும். ஆனால் வைரஸ் குறைந்தால் ஆள் தேறுவார் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. ஃப்ளூவில் அது பாதிதான் உண்மை. காய்ச்சலும் உடம்பு வலியும் தெரிய ஆரம்பிக்கும்போதே வைரஸ் உச்சத்தை நெருங்கியிருக்கும். நோயாளி டாக்டரிடம் வருவதற்குள் அது இறங்கவும் தொடங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு படுத்துவது பெரும்பாலும் உடம்பின் எதிர்வினை, சேதமான மூச்சுக்குழல், அப்புறம் ஏற்கெனவே இருந்த இதய நோயும் சர்க்கரையும். அங்கே மூன்றாவது மாத்திரைக்குச் செய்ய என்ன மிச்சம்?

இந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியதற்கும் இதுவே காரணம். முதன்மை அளவுகோலில் ஜெயித்திருந்தார்கள். வைரஸ் குறைந்தது என்று மட்டும் பெரிதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உடல்நலத்தில் பலன் இல்லை என்பதைச் சுருக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினார்கள். அதனால் எத்தனையோ முதியவர்கள் தேவையில்லாத ரிபாவிரினிலிருந்து தப்பினார்கள் என்று நான் நினைக்கிறேன். அமன்டடின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கி மனக்குழப்பம் வரும். அம்மாவின் வயதில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

இதற்குப் பிறகு வந்த இன்னொரு பரிசோதனையும் இதே கதையைத்தான் சொல்லியது. பலோக்சாவிர் என்ற புதிய மருந்து 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வைரஸ் நகலெடுக்கும் தொடக்கத்தையே தடுப்பது. ஃப்ளூ முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 366 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. வைரஸ் வெளிப்படுவது நிற்க, கூட்டுப் பிரிவில் சுமார் 24 மணி நேரம், மற்றதில் சுமார் 64 மணி நேரம். அசத்தலான வித்தியாசம். ஆனால் நோயாளியின் உடல்நிலை மேம்பட ஆன நேரம் 97.5 மணிக்கு எதிராக 100.2 மணி. ஏறக்குறைய ஒன்றே.

கூட்டு மருந்தே வேண்டாம் என்று இதையெல்லாம் வைத்துச் சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் உடம்பில் ஃப்ளூ வைரஸ் வாரக்கணக்கில் தங்கும். மருந்துக்குத் தப்பும் வைரஸ் அங்கேதான் எளிதாக உருவாகிறது. காசநோயின் பாடம் அவர்களுக்குப் பொருந்தக்கூடும். 394 பேரின் சராசரியில் அவர்கள் தனியாகத் தெரிய மாட்டார்கள். அவர்களுக்கென்று தனிப் பரிசோதனை வேண்டும்.

அம்மா போன்றவர்களுக்கு இப்போதைக்கு என்ன? 2024இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், நோய் தீவிரமாகாத ஆனால் தீவிரமாகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலோக்சாவிரையும், தீவிரமாகி ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு ஓசெல்டாமிவிரையும் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. ஆதாரம் அவ்வளவு வலுவில்லை என்று ஒப்புக்கொண்டே சொல்லும் பரிந்துரை அது. எந்த மருந்தானாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எங்கள் வீட்டில் இதைத்தான் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்ற பேச்சு கிடையாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிடுகிறோம்.

கூட்டு மருந்துகளில் எனக்கு இன்னும் ஆவல் அடங்காத ஒன்று ஹாங்காங்கிலிருந்து வந்தது. எச்3என்2 ஃப்ளூவோடு 2015இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 217 பேரில் பாதிப் பேருக்கு ஓசெல்டாமிவிரோடு கிளாரித்ரோமைசினும் நாப்ராக்சனும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்று ஆன்டிபயாடிக், இன்னொன்று வலி மாத்திரை. இரண்டுமே பழையவை, மலிவானவை, நம் மருந்துக் கடைகளிலும் கிடைப்பவை. அங்கே பார்த்தது மூக்கில் இருக்கும் வைரஸை மட்டும் அல்ல, உயிர் பிழைத்தவர்களையும்தான். 30 நாளுக்குள் கூட்டுப் பிரிவில் இறந்தவர் ஒருவர், மற்றதில் 9 பேர். அழற்சியையும் சேர்த்து அடக்கியதால் இந்தப் பலன் வந்ததா என்பது முக்கியமான கேள்வி. ஆனால் யாருக்கு என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. இதை வைத்து யாரும் வீட்டில் நாப்ராக்சன் வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகமும் வயிறும் பலவீனமான முதியவர்களுக்கு அது கெடுதல் செய்யும். பல நாடுகளில், பல ஆஸ்பத்திரிகளில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கானவர்களிடம் இதை மறுபடியும் சோதிக்க வேண்டும். நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வு அதுதான்.